என் படம் கொடுத்த வாக்கு

எங்கள் சேவைக் கழகத்தின் தலைவர் ஹட்டன் கடைவீதியில் மருந்துக்கடை நடத்துகிறவர். பேச ஆரம்பிக்காத வரையில் தங்கமான மனிதர். ஆரம்பித்துவிட்டால் அவரை நிறுத்த ஆள் கிடையாது. முன்பெல்லாம் கோயில் மண்டபத்தில்தான் கூட்டம் நடக்கும். அவர் பேசப் பேச நாங்கள் வடையைக் கடிப்போம், பிளேன்டீ குடிப்போம், பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவருடைய மாமனாரின் சொத்துத் தகராறு எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிப்போம். பேச்சு முடிந்ததும் கைதட்டுவோம். யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் எல்லாம் கெட்டது. மண்டபத்துக்கு வரப் பலருக்கு வண்டி இல்லை, வண்டி இருந்தவர்களுக்கு எண்ணெய் இல்லை. சரி, கொஞ்ச நாளைக்கு ஒன்லைனில் கூடுவோம் என்று ஆரம்பித்தோம். பிறகு வரிசை போயிற்று, எண்ணெய் வந்தது, ஒன்லைன் மட்டும் போகவில்லை. தலைவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. மண்டபத்தில் அவர் பேசும்போது எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே எல்லோருடைய முகமும் கட்டம் கட்டமாக அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, வாயும் மியூட்டில் அடைபட்டிருக்கிறது. எந்தப் பேச்சாளருக்குத்தான் இது கசக்கும்?

இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். கெமராவை அணைத்து வைத்தால் வரவில்லை என்று கணக்கு. மூன்று தரம் வராவிட்டால் பெயரைக் கூட்டறிக்கையில் வாசிப்பார்கள். நான் அங்கே அங்கத்தவன் மட்டுமல்ல, உதவிச் செயலாளர் என்ற ஒன்றுக்கும் உதவாத பதவியும் வகிக்கிறேன். என் பெயர் வாசிக்கப்பட்டால் கடைவீதி முழுக்கச் சிரிக்கும்.

ஆனால் எனக்கு ஐந்து மணி என்பது என்ன மணி என்று யாரும் யோசிக்கவில்லை. நான் நடத்துவது புத்தகக்கடை, கூடவே போட்டோகொப்பி. பள்ளிக்கூட ஆசிரியர்கள் பரீட்சைத் தாள்களோடு வருவதும், தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பிரதி எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் அந்த நேரத்தில்தான். இயந்திரத்தில் தாள் சிக்கும். மனைவி மிச்சக் காசுக்குச் சில்லறை இல்லை என்பாள். இதற்கு நடுவே தலைவர், "அன்பின் அங்கத்தவர்களே, சேவை என்றால் என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நாற்பது நிமிடம் பதிலும் அவரே சொல்வார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த வேலையைச் செய்தேன். கடையைத் திறப்பதற்கு முன்பு கம்ப்யூட்டர் முன்னால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எட்டு நிமிடம் என்னையே வீடியோ எடுத்தேன். பேச்சைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இடைக்கிடை தலையாட்டினேன். இரண்டு தரம் எதையோ குறித்துக்கொள்கிறவன்போல் கீழே பார்த்தேன். அந்த வீடியோவைப் பின்னணிப் படமாகப் போட்டுவிட்டு நான் எழுந்து வந்துவிட்டால், கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் நான் உட்கார்ந்திருப்பது மாதிரியே தெரியும். எட்டு நிமிடம் முடிந்து வீடியோ மறுபடி ஆரம்பிக்கும்போது தலை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கும். அதைப் பார்த்து எல்லோரும், "அண்ணனுக்குக் கவரேஜ் சரியில்ல போல" என்று பரிதாபப்பட்டார்கள்.

மனைவிக்கு மட்டும் தெரியும். "பூம்பூம் மாடு மாதிரி இருக்கீங்க" என்றாள் அவள். இருந்தாலும் பழைய ஆளைவிடப் படத்தில் இருக்கிறவர் எவ்வளவோ பொறுமைசாலி என்றும் சொன்னாள்.

படத்துக்குக் கிடைத்த மரியாதை எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. மூன்றாவது கூட்டத்தில் தலைவர், "நம்ம உதவிச் செயலாளரப் பாருங்க. எவ்வளவு கவனம். அசையாம கேக்குறாரு" என்று என்னை உதாரணம் காட்டினார். நான் அப்போது நிலத்தில் மண்டியிட்டு இயந்திரத்தின் வயிற்றிலிருந்து கசங்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் மனைவி ஸ்டேப்ளரை எடுக்கக் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். என் நெஞ்சிலிருந்து வளையல் போட்ட ஒரு கை முளைத்து, காற்றைத் துழாவிவிட்டுத் திரும்பவும் என் நெஞ்சுக்குள்ளேயே போயிற்று. பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். தலைவர் மட்டும் சளைக்கவில்லை. "வீட்டம்மாவுக்கும் கழகத்தின் சார்பில் வணக்கம்" என்றார்.

எப்போதும் ஒரே சட்டையிலேயே வருகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, கூட்டத்துக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அடுத்த கூட்டத்தில் ஆறு பேர் நீலச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றுமையின் அடையாளம் என்று தலைவர் அதையும் பத்து நிமிடம் விளக்கினார். நான் கடையில் இருந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் வாங்கினேன்.

லிந்துலைப் பக்கம் உள்ளே ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கும் ஒரு பெண் எங்கள் கழகத்தில் இருக்கிறாள். அம்மாமார் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற இடம் அது. என்னை அண்ணே என்பாள், நானும் தங்கச்சி என்பேன். அவள் பேசினால் பின்னால் நாலு குழந்தையாவது அழுதுகொண்டிருக்கும். அந்தப் புதன்கிழமை அவள் ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தாள்.

அவளுடைய தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. வலது கண் போய்ப் பல வருடமாகிறது. இப்போது இடது கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போடுகிறார் என்று தினமும் மலையில் ஏச்சு. இப்படியே போனால் நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை கண் ஆபரேசனுக்கு நாள் கிடைத்திருக்கிறது. காலையில் எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸில் வந்தாலும் அந்த நேரத்துக்கு வந்துசேர முடியாது. புருஷன் இல்லை. ஒரே மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், லீவு கொடுக்கவில்லை. இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க எத்தனை மாதமாகுமோ தெரியாது. அதுவரைக்கும் இருக்கிற வெளிச்சமும் இருக்குமா என்பதும் தெரியாது.

யாரிடம் வேன் இருக்கிறது என்று தலைவர் கேட்டிருக்கிறார். என்னிடம் இருக்கிறது, சாமான் ஏற்றுகிற வேன். "நம்ம உதவிச் செயலாளர் போவாரா?" என்று கேட்டிருக்கிறார். நான் தலையாட்டியிருக்கிறேன். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

இது ஒன்றுமே எனக்குத் தெரியாது. தவணைப் பரீட்சை நேரம் என்பதால் அன்றைக்குக் கடையில் நெரிசல். சத்தத்தை முழுசாகக் குறைத்து வைத்திருந்தேன். மறுநாள் கூட்டறிக்கை குரூப்பில் வந்தது. ஏழு பக்கம். எந்தக் கூட்டறிக்கையையும் நான் திறந்து பார்த்ததில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அன்றும் போட்டேன். அதற்குக் கீழே இரண்டு மூன்று பேர் பூங்கொத்துப் படங்களைப் போட்டு என்னைப் பாராட்டியிருந்தார்கள். எதற்கென்று யோசிக்காமல் கைகூப்பும் படத்தைப் போட்டேன். எனக்குக் கிடைக்கிற பாராட்டில் பாதி எதற்கென்று தெரியாமல்தான், படத்தை உட்காரவைத்த அந்த ஆறு மாதமும் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாரத்தோடு அடுப்படியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக் காம்பராத் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"எங்க வரணும் தங்கச்சி?"

அவள் குரல் இறங்கியது. "வெளையாடாதீங்கண்ணே. அந்த அக்கா ஆறு மணிலேர்ந்து பையோட ரோட்டுல நிக்குறாங்க. இன்னைக்கித்தானே கண் ஆபரேசன். ஆறரைக்கு வர்றேன்னு புதன்கிழமை நீங்கதானே தலையாட்டுனீங்க."

என்ன நடந்திருக்கும் என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்த நொடியிலும் என் வாய் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தது. "ஆமாமா, இந்தா வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

"எங்க வந்துக்கிட்டே இருக்கீங்க? குசினியிலயா?" என்று கேட்டாள் மனைவி.

சொன்னேன். எதற்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் செய்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பளைக்கு இருக்குறதே ஒரு கண்ணுதாங்க" என்றாள். வேன் கோளாறு என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "போன எடுங்க. எல்லாரையும் கூப்புடுங்க. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. வெக்கப்படுறதுக்கு ஆயுசு முழுக்க நேரமிருக்கு."

கழகக் கூட்டத்துக்கு எப்போதும் ஒரே லிங்க்தான். குரூப்பில், "அவசரம், எல்லாரும் உடனே உள்ள வாங்க" என்று போட்டுவிட்டு நான் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஐந்தரைக்கு வருகிறவர்கள் இவர்கள். காலை ஏழு மணிக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். நாலு நிமிடத்தில் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள்.

அப்படியொரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தலைவர் பனியனில், பாதி முகத்தில் சவர நுரையோடு இருந்தார். தலவாக்கலையில் பேக்கரி வைத்திருக்கும் நண்பர் முழங்கை வரை மாவோடு, பாண் சுடும் போரணைக்கு முன்னால் நின்றார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்யும் மிஸ்ஸி, வெள்ளை உடுப்போடு டியூட்டிக்கு நடந்துகொண்டே வந்தார், அவருடைய கட்டத்தில் வானமும் தாடையும் மாறி மாறித் தெரிந்தன. ஒருவர் வாயில் பிரஷ். ஒருவரும் நீலச் சட்டை போட்டிருக்கவில்லை.

"யாரும் கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தேன். "புதன்கிழமை தலையாட்டுனது நான் இல்ல. அது வீடியோ. ஆறு மாசமா வீடியோவத்தான் வெச்சிட்டுப் போறேன். நான் போறேன்னு ஒத்துக்கிட்டதே எனக்கு இப்பத்தான் தெரியும். அந்த அம்மா ரோட்டுல நிக்குறாங்க. நான் இன்னும் வீட்டுலதான் இருக்கேன்."

சொல்லி முடித்ததும் தங்கச்சியின் கட்டத்தைத்தான் பார்த்தேன். பனிமூட்டத்தில் பிள்ளைக் காம்பராப் படிக்கட்டில் நின்றிருந்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் நுரையைத் துடைக்கக்கூட மறந்துபோய் இருந்தார். "அப்ப இந்த ஆறு மாசமா நான் யாருகிட்டங்க பேசிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டார். மற்ற நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அந்த மனிதர் நிஜமாகவே நொந்துபோய்க் கேட்டார்.

"தலைவரே, அத சாயங்காலம் அழுவோம்" என்றார் மிஸ்ஸி. நடந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. "எட்டு மணிக்குப் பேர் கூப்புடுவாங்க. நான் போயி சொல்லி, கடைசிப் பேரா போட முடியுமான்னு கேக்குறேன். ஒம்பது மணி வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

எல்லோரும் கணக்குப் போட்டோம். ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து லிந்துலை போய்த் தோட்டத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் ஏறி இறங்க ஒரு மணி நேரம். பிறகு வந்த வழியே திரும்பி டிக்கோயாவுக்கு வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பத்து மணி ஆகிவிடும். யாரும் யாரையும் மியூட் பண்ணவில்லை, ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் பேக்கரிக்காரர் பேசாமல் இருந்தார். இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடோ சிங்களத்தில் பேசிவிட்டுத் திரும்பினார்.

"நம்ம பாண் ஆட்டோ இப்ப அந்தத் தோட்டத்து மேல் லயத்து வீடுங்ககிட்டதான் நிக்குது. பாண அப்புறம் விக்கலாம், மொதல்ல அந்த அம்மாவ ஏத்துன்னு சொல்லிட்டேன். தலவாக்கலை வரைக்கும் அவன் கொண்டாந்துருவான். நீங்க அங்க வந்து நில்லுங்க."

எனக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. மனைவி ஒரு சட்டையைத் தூக்கி என் மேல் எறிந்தாள். கைக்குக் கிடைத்ததைத்தான் எறிந்தாள், அது அந்த நீலச் சட்டைதான். பொத்தானைப் போட்டுக்கொண்டே வேனைக் கிளப்பினேன்.

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு லயம் லயமாக வரும் பாண் ஆட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பின்னால் உட்கார இடமே கிடையாது, கண்ணாடிப் பெட்டியும் அதற்குள்ளே பாண் ரொட்டியும் பணிசும்தான். அந்தக் குறிப்பிட்ட ஆட்டோவில் இன்னொரு விசேஷம், வண்டியை நிறுத்தினால்தான் பாட்டும் நிற்கும். ஆகவே அந்த அம்மா டிரைவரின் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு, பாட்டோடு தோட்டம் முழுக்க ஊர்வலம் வந்திருக்கிறார். ஒவ்வொரு லயத்திலும் சனங்கள் காசோடு ஓடிவந்திருக்கிறார்கள். டிரைவர், பாண் பிறகு, பாண் பிறகு என்று கையை ஆட்டிக்கொண்டே நிற்காமல் வந்திருக்கிறான். ஒரு நாயும் ரெண்டு கட்டை தூரத்துக்குத் துரத்தியதாம்.

நான் தலவாக்கலை பஸ் நிலையத்தில் போய் நின்ற ஐந்தாவது நிமிடம் பாட்டுக் கேட்டது. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் மப்ளர், கையில் ஒரு பை. டிரைவர் கையைப் பிடித்து இறக்கி என் வேனில் ஏற்றிவிட்டான். போகிறபோது அவரிடம் ஒரு பணிசையும் கொடுத்துவிட்டுப் போனான்.

கொட்டகலை வரைக்கும் மணியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வளைவுகளில் வேனை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் பணிசைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "மொதலாளி, வண்டி பஞ்சரா?" என்று கேட்டார்.

பாருங்கள், அழகான ஒரு பொய்யைத் தட்டில் வைத்து நீட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அதற்குள் அவரே மேலே பேசினார்.

"புதன்கிழமை நானும் புள்ளக்காம்பராவுலதான் குந்தியிருந்தேன். எல்லாரும் கைதட்டி முடிஞ்சதும் அந்தப் புள்ள போன என் மூஞ்சிகிட்ட கொண்டாந்து, நீங்களே கேளுங்கக்கான்னுச்சு. ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியல மொதலாளி. நீலமா என்னமோ தெரிஞ்சது, அதுக்கு மேல தலை. எனக்கு வேற ஆளு இல்ல, நெசமா வந்துருவீங்களான்னு கேட்டேன். தலை ஆடுச்சு. மனசு கேக்காம இன்னொரு தரம் கேட்டேன். அப்பவும் ஆடுச்சு. அதுக்கப்புறந்தான் வீட்டுக்குப் போயி ஒழுங்கா சோறு தின்னேன்."

முன்னால் போன லொறியை முந்தினேன்.

"இன்னைக்கி ரோட்டுல நிக்கிறப்ப, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற சனமெல்லாம் சொன்னிச்சு, இனி வரமாட்டாங்க, வீட்டுக்குப் போன்னு. இல்ல, வருவாங்க, நான் ரெண்டு தரம் கேட்டுட்டேன்னு சொன்னேன்."

வேனை ஓரமாக நிறுத்திவிட வேண்டும்போல் இருந்தது. நிறுத்த நேரமில்லை. எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே சொன்னேன். "அக்கா, அது நான் இல்ல. நான் அங்க இருக்கவே இல்ல. கூட்டத்துல உக்காரச் சோம்பப்பட்டு என் படத்த ஆட விட்டுட்டு, கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க கேட்டது என் காதுல விழவே இல்ல. இன்னைக்கிக் காலையிலதான் தெரியும். நீங்க ஆறு மணிலேர்ந்து குளிருல நின்னதுக்கு நான்தான் காரணம்."

அவர் பணிசு சுற்றியிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் படத்துக்கிட்டயா கேட்டேன்?"

"ஆமாக்கா."

"வீட்டுல முருகன் படம் ஒண்ணு மாட்டியிருக்கேன்" என்றார். "அதுக்கிட்டயும் ரெண்டு வருசமா இதத்தான் கேக்குறேன். அது ஒரு நாளும் அசைஞ்சதில்ல. ஒங்க படமாவது ஆடுச்சு."

திட்டினாரா, தேற்றினாரா என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. ஹட்டன் வரும்வரை ஹோர்னை மட்டும் அடித்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மிஸ்ஸி கேட்டிலேயே நின்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, "கடைசிப் பேரா வெச்சிருக்காங்க, வாங்க வாங்க" என்றார். அம்மா இறங்கினார். இறங்கியவர் போகாமல் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் கட்டு அவுத்து அனுப்புவாங்களாம் மொதலாளி. கூட்டிட்டுப் போக வருவீங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் அப்படியே நின்றார்.

"மொதலாளி, நான் கேட்டது கேட்டுச்சா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "தலையாட்டுனேன் அக்கா" என்றேன்.

"அத நாளைக்குப் பாத்துக்குறேன். இன்னைக்கி வாயால சொல்லுங்க."

"வர்றேன் அக்கா. காலையில ஒம்பது மணிக்கே இந்த கேட்டுல நிப்பேன்."

அதன்பிறகுதான் கதவை விட்டார்.

அன்று சாயங்காலம் தலைவர் கடைக்கு வந்தார். அவருக்குப் போட்டோகொப்பி எடுக்க எதுவும் இருக்கவில்லை. பேனாக்களைப் புரட்டினார், கலண்டரைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நானும் நின்றேன். மனைவி மிச்சக் காசு எண்ணுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்கும் மாவட்டக் கூட்டம்னு மாசத்துல ஒண்ணு வெக்கிறாங்க. ஒன்லைன்லதான். மூணு மணித்தியாலம் பேசுறாங்க, தாங்க முடியல. அந்த வீடியோவ எப்படி எடுக்குறதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

காட்டினேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன், எந்தக் காரணம் கொண்டும் தலையாட்டாமல் உட்கார வேண்டும் என்று. சிலை மாதிரி எட்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார். போகும்போது, என் வீடியோவை என் கையாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் அவர் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. பிள்ளைக் காம்பராத் தங்கச்சி என்னோடு மறுபடி பேச மட்டும் ஒரு மாதம் ஆயிற்று.

மறுநாள் சனிக்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் போய் கேட்டில் நின்றேன். சனிக்கிழமை கடையில் நல்ல வியாபாரம் இருக்கும். மனைவி, "நீங்க வராட்டியும் கடை ஓடும், போங்க" என்றாள். ஒன்பது மணி போயிற்று, பத்தும் போயிற்று. தூறல் போட்டது. வேனுக்குள் உட்கார்ந்திருந்தால் அவர் வெளியே வரும்போது ஆள் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்து, குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். வந்துபோன இரண்டு பேர் என்னைக் காவல்காரன் என்று நினைத்து வழி கேட்டார்கள்.

பதினொரு மணிக்கு வந்தார். ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, தானாகவே படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். கேட்டுக்கு வந்ததும் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே இருந்த தேயிலை மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த நெரையில கொழுந்து முத்திப்போச்சு" என்றார். "நாலு நாளைக்கு முந்தியே எடுத்துருக்கணும்."

நான் குடையை அவர் பக்கம் நீட்டினேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"நேத்துக் கூட்டியாந்தது நீங்கதானா?"

நான் தலையாட்டினேன்.

"ம், தெரியுது" என்றார். "வண்டிய எடுங்க."